படகு நகரத்தின் விளக்குக் காவலர்கள்

1971 பிப்ரவரி. போலந்தின் வூட்ச் நகரத்தில் மார்ச்லெவ்ஸ்கி பருத்தி ஆலையின் தறிகள் நின்றன. நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இரண்டு மாதங்களுக்கு முன்பு அரசு உணவுப் பொருள்களின் விலையை ஏற்றியிருந்தது. அதை எதிர்த்து வடக்கே கடலோர நகரங்களில் தெருவுக்கு வந்த தொழிலாளர்களைச் சுட்டது. அந்தக் கொந்தளிப்பில் கட்சித் தலைமையே மாறியது; விலை மட்டும் இறங்கவில்லை. வூட்சின் பெண்கள் தெருவுக்குப் போகவில்லை. ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். பிரதமர் யாரோஷெவிச் நேரில் வந்து பேசிப் பார்த்தார். அவர்கள் அசையவில்லை. பிப்ரவரி 15 அன்று அரசு விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றது. துப்பாக்கிக்கு முன் நின்றவர்களுக்குக் கிடைக்காத வெற்றி, நின்றுபோன தறிகளால் கிடைத்தது.

இன்று அதே ஆலையின் வளாகத்தில் துணிக்கடைகள் இருக்கின்றன, உணவகங்கள் இருக்கின்றன, திரையரங்கு இருக்கிறது. நெசவுக்கூடம் ஒன்று நவீன ஓவிய அருங்காட்சியகம். ஐந்து மாடி நூற்பாலை நட்சத்திர ஹோட்டலாகிவிட்டது. தீப்பிடித்தால் அணைப்பதற்காக நூற்பாலையின் உச்சியில் தண்ணீர் தேக்கிய இரும்புத் தொட்டி, இப்போது விருந்தினர்களின் நீச்சல் குளம்.

இதைப் பார்த்து மகிழ்வதா, வருந்துவதா? சோஷலிச ஆட்சி முடிந்தபின் தொழிலையும் மக்களையும் ஒருசேர இழந்த கிழக்கு ஐரோப்பிய நகரங்கள் பல. அவற்றின் கையில் மிச்சமிருந்தது பழைய கட்டடங்களும் நினைவுகளும்தான். அந்த மிச்சத்தை மூலதனமாக்கி எழ முடியுமா என்று முயன்ற ஊர்களில் முதன்மையானது வூட்ச். அது சாதித்ததும் தடுமாறியதும், மரபைக் காப்பாற்ற நினைக்கும் எல்லோருக்கும் பாடம்.

எண்ணூறு பேர்கூட இல்லாத ஊர்

'வூட்ச்' என்றால் போலிஷ் மொழியில் படகு. நகரத்தின் சின்னமும் படகுதான். ஆனால் படகு விடும்படியான ஆறு அங்கே இல்லை. இருந்த சிற்றாறுகளின் நீரை ஆலைகள் எடுத்துக்கொண்டன. சாயத்தையும் கழிவையும் அவற்றிலேயே கொட்டின. கடைசியில் நகர மையத்தில் ஆறுகளைக் குழாய்க்குள் அடைத்து மண்ணுக்கடியில் அனுப்பிவிட்டார்கள்.

1820-இல் இந்த இடத்தை ஆலை நகரமாக அரசு அறிவித்தபோது, அங்கே வாழ்ந்தவர்கள் எண்ணூறு பேர்கூட இல்லை. நெசவாளர்களுக்கு நிலமும் சலுகைகளும் கொடுத்து அழைத்தார்கள். 1830-களில் லுட்விக் கையர் என்ற ஜெர்மானியர் நீராவி எந்திரத்தால் ஓடும் நூற்பாலையைக் கட்டினார். வெள்ளைச் சுவர்கள் கொண்ட அந்த ஆலைதான் இன்றைய மத்திய ஜவுளி அருங்காட்சியகம். அவருக்குப் பின் கார்ல் ஷைப்ளர் வந்தார். இஸ்ரேல் பொஸ்னான்ஸ்கி வந்தார். செங்கல்லில் கோட்டை போன்ற ஆலைகள், அவற்றின் பக்கத்திலேயே அரண்மனைகள், கொஞ்சம் தள்ளித் தொழிலாளர்களின் லைன் வீடுகள் என்று ஊர் எழுந்தது. ரஷ்யப் பேரரசின் பெரும் சந்தை வூட்சின் துணிக்காகத் திறந்து கிடந்தது. முதல் உலகப் போர் மூளும்போது மக்கள்தொகை ஐந்து லட்சத்தை நெருங்கியிருந்தது. நூறு ஆண்டுக்குள் ஒரு சிற்றூர் பெருநகரமானது. நாம் கோவையைச் சொல்வதுபோல, போலந்தின் மான்செஸ்டர் என்று அதைச் சொன்னார்கள்.

அந்த வேகத்தின் கொடுமையை எழுத்தில் வடித்தவர் விளாதிஸ்லாவ் ரெய்மான்ட். பின்னாளில், 1924-இல், நோபல் பரிசு பெற்றவர். வூட்சைப் பற்றிய அவருடைய நாவலின் பெயர் 'வாக்களிக்கப்பட்ட பூமி'. பணம் மட்டுமே தெய்வமாகிவிட்ட ஓர் ஊரை அதில் காட்டினார். ஆந்த்ரே வைதா அதை 1975-இல் படமாக்கியபோது பெரிய அரங்கங்கள் எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆலைகளும் அரண்மனைகளும் அப்படியே இருந்தன.

அறுந்துபோன இழைகள்

போலிஷ்காரர்கள், யூதர்கள், ஜெர்மானியர்கள், ரஷ்யர்கள் ஆகிய நான்கு சமூகங்கள் பாவும் ஊடுமாகச் சேர்ந்து நெய்த நகரம் இது. கத்தோலிக்கத் தேவாலயமும் லூத்தரன் தேவாலயமும் ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் யூத வழிபாட்டுக் கூடமும் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் இருந்தன. 1939-இல் மூன்று பேரில் ஒருவர் யூதர்.

நாஜிகள் வந்ததும் நகரத்தின் பெயரையே லிட்ஸ்மான்ஷ்டாட் என்று மாற்றினார்கள். 1940 ஏப்ரலில் யூதர்களைச் சேரிக்குள் அடைத்து வேலி போட்டார்கள். உள்ளே அடைபட்டவர்கள் 1,60,000 பேருக்கும் மேல். பின்னர் வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கொண்டுவந்து சேர்த்தார்கள். ராடகாஸ்ட் ரயில் நிலையத்திலிருந்து ரயில்கள் கொலை முகாம்களுக்குப் புறப்பட்டன. 1944 ஆகஸ்டில் கடைசி ரயிலும் போனது. போர் முடிந்ததும் ஜெர்மானியர்களும் வெளியேறினார்கள்.

வார்சா தரைமட்டமானது, வூட்ச் பெரும்பாலும் இடியாமல் தப்பியது. நகரம் அப்படியே நின்றது. அதைக் கட்டியவர்களில் பாதிப்பேர் இல்லை. வூட்சின் மரபைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த வெற்றிடத்தில்தான் தொடங்க வேண்டும்.

ஆலைகளை அரசு எடுத்துக்கொண்டது. பொஸ்னான்ஸ்கியின் ஆலைக்கு மார்ச்லெவ்ஸ்கி என்ற புரட்சியாளரின் பெயரை வைத்தார்கள். பெரிய வீடுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல குடும்பங்களைக் குடியமர்த்தினார்கள். வாடகை குறைவு, பழுது பார்க்கக் கையில் காசு இல்லை. புதிய குடியிருப்புகளை ஊருக்கு வெளியே கட்டினார்கள். நடு ஊரில் நூற்றாண்டுப் பழமையான வீடுகள் ஒழுகின. முற்றத்துக்குப் போய்க் கழிப்பறையைப் பயன்படுத்தும் குடும்பங்கள் பல இருந்தன.

சங்கு ஓய்ந்த காலை

1989-இல் ஆட்சி மாறியது. சந்தைப் பொருளாதாரத்துக்கு ஒரே பாய்ச்சலில் தாவிய நாட்டில் முதலில் விழுந்தவற்றில் ஒன்று ஜவுளி. கிழக்கே சோவியத் சந்தை கரைந்துபோனது. மானியம் நின்றது. மலிவான துணி இறக்குமதியானது. ஆலைகளிலோ பழைய எந்திரங்கள். 1990-களின் தொடக்கத்தில் பேராலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. ஷிப்ட் சங்கு ஓய்ந்தது.

வேலை இழந்தவர்களில் பெரும்பகுதி பெண்கள், நடு வயதினர். பஞ்சுத் தூசியிலும் தறி இரைச்சலிலும் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவர்கள். சுரங்கத் தொழிலாளர்கள் தலைநகருக்குப் படையெடுத்துப் போராடி வாங்கியதுபோன்ற பெரிய இழப்பீட்டுத் திட்டங்கள் இவர்களை எட்டவில்லை. இளைஞர்கள் 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வார்சாவுக்குப் போனார்கள். போலந்து 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு இன்னும் தொலைவுக்குப் போனார்கள். 1980-களின் இறுதியில் எட்டரை லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் இப்போது ஆறரை லட்சம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளில் நான்கில் ஒருவர் குறைந்துபோனார். புகைபோக்கிகளை இடித்தார்கள், சில ஆலைகள் எரிந்தன, பழைய இரும்புக்காக எந்திரங்களை எடைபோட்டு விற்றார்கள்.

கட்டடத்தைக் காப்பதிலும் ஒரு சிக்கல். இந்த வீடுகள் யாருக்குச் சொந்தம்? உரிமையாளர்களில் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் நாடு கடந்துபோனார்கள். பத்திரம் தெளிவில்லாத வீட்டில் யாரும் பணம் போட முன்வருவதில்லை. சோஷலிசத்துக்குப் பிந்தைய நகரங்கள் பலவற்றின் நடுவில் அழகான வீடுகள் பூட்டிக்கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆலைக்குள் ஒரு சந்தை

பொஸ்னான்ஸ்கி ஆலையை ஆப்சிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் எடுத்தது. 27 ஹெக்டேர் வளாகம். 2006 மே மாதம் 'மானுஃபக்துரா' என்ற பெயரில் திறப்பு விழா. பழைய செங்கற் கட்டடங்களைச் சுத்தம் செய்து, நடுவில் பெரிய திறந்த சதுக்கம் அமைத்து, ஓரமாகப் புதிய கண்ணாடி வணிக வளாகம் ஒன்றையும் கட்டினார்கள்.

நன்மையை மறுக்க முடியாது. இருண்டு கிடந்த வளாகத்துக்குள் நகர மக்கள் குடும்பத்தோடு நுழைந்தார்கள். தங்கள் பாட்டி வேலை பார்த்த சுவர் அழகானது என்பதை முதல்முறையாகக் கண்டார்கள். வறுமையின் அடையாளமாக இருந்த சிவப்புச் செங்கல் ஊரின் பெருமையானது. எரிந்து விழக் காத்திருந்த கட்டடங்கள் தப்பின. மற்ற ஆலை உரிமையாளர்களும் இடிப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்கத் தொடங்கினார்கள்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். கூட்டம் முழுவதும் மானுஃபக்துராவுக்குள் போனதால், நகரத்தின் முதுகெலும்பாகிய பியோத்ரகோவ்ஸ்கா வீதி வாடியது. நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நேர்கோடாக ஓடும் வீதி அது. அதன் கடைகளை ஒரே வளாகம் இழுத்துக்கொண்டது. சுவர் பழையதாகவே நிற்கிறது. உள்ளே எந்த நாட்டு வணிக வளாகத்திலும் காணும் அதே கடைகள். ஒரு காலத்தில் உற்பத்தி செய்தவர்களாக அந்த வாயிலைக் கடந்தவர்களின் பிள்ளைகள், இப்போது வாங்குபவர்களாக மட்டும் கடக்கிறார்கள். ஆலையின் வரலாற்றைச் சொல்லும் சிறிய அருங்காட்சியகம் ஒன்று வளாகத்தில் உண்டு. 1971-இன் பெண்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் தேடித்தான் போக வேண்டும்.

கலைக்கு இங்கே பழைய வேர்

வெறும் கட்டடத்தை மட்டும் நம்பியிருந்தால் வூட்ச் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அதற்கு வேறொரு சொத்தும் இருந்தது.

1931 பிப்ரவரியிலேயே, ஐரோப்பாவின் புதுமை ஓவியர்கள் அன்பளிப்பாகக் கொடுத்த படைப்புகளைக் கொண்டு ஒரு நவீன ஓவியத் தொகுப்பு இங்கே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உலகில் நவீனக் கலைக்கென்று எழுந்த மிகப் பழைய அருங்காட்சியகங்களில் அதுவும் ஒன்று. முன்னின்றவர் ஓவியர் ஸ்ட்ஷெமின்ஸ்கி. முதல் உலகப் போரில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்தவர். உடன் நின்றவர் அவர் மனைவி, சிற்பி கோப்ரோ. ஆலைத் தொழிலாளர் நகரத்துக்கு உலகின் மிகப் புதிய கலை வேண்டும் என்று அவர்கள் நம்பினார்கள். போருக்குப் பின் அரசு சொன்ன பாணியில் வரைய மறுத்ததால், தான் உருவாக்க உதவிய கலைப் பள்ளியிலிருந்தே 1950-இல் ஸ்ட்ஷெமின்ஸ்கி வெளியேற்றப்பட்டார். மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் வறுமையில் இறந்தார். வைதாவின் கடைசிப் படம், 2016-இல் வந்தது, அவருடைய இந்த இறுதிக் காலத்தைப் பற்றியதுதான். அவர் தொடங்கிவைத்த தொகுப்புக்கு 2008-இல் பொஸ்னான்ஸ்கி ஆலையின் நெசவுக்கூடத்தில் புது இடம் கிடைத்தது. வணிக வளாகத்தின் நடுவே அந்தக் கூடம் இருப்பது எனக்குப் பெரும் ஆறுதல்.

1948-இல் தொடங்கிய திரைப்படப் பள்ளி மற்றொரு சொத்து. வைதா, போலன்ஸ்கி, கீஸ்லோவ்ஸ்கி எல்லோரும் அங்கே படித்தவர்கள். பள்ளி இயங்குவது ஓர் ஆலை முதலாளியின் மாளிகையில். திரைப்பட அருங்காட்சியகம் இருப்பது ஷைப்ளரின் அரண்மனையில். அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் இந்நகரத்தின் கைவிடப்பட்ட ஆலைகளில் மயங்கிப் புகைப்படம் எடுத்தார்; தன் படமொன்றின் பகுதிகளையும் இங்கே எடுத்தார். 2017-இல் யுனெஸ்கோ வூட்சைத் திரைப்படப் படைப்பாக்க நகரமாக ஏற்றது.

1907-இல் ஓடத் தொடங்கிய மின் நிலையம் இன்று கோளரங்கமும் அறிவியல் மையமுமாகிவிட்டது. கொதிகலன்களையும் குழாய்களையும் அகற்றாமல், அவற்றைக் கொண்டே குழந்தைகளுக்கு மின்சாரத்தைக் கற்றுத் தருகிறார்கள். பழைய கட்டடத்துக்குப் புது வேலை தருவதில் நான் கண்ட மிக நல்ல வழி இது. ஆற்றல் தந்த இடம் அறிவு தருகிறது. கட்டடம் தன் கதையைத் தானே சொல்கிறது.

பியோத்ரகோவ்ஸ்கா வீதியின் 3-ஆம் எண் வீட்டு முற்றத்தில் ஓர் அற்புதம் இருக்கிறது. கண் புற்றுநோயோடு போராடி மீண்ட தன் மகளை நினைத்து, யோவான்னா ரைகோவ்ஸ்கா என்ற கலைஞர் 2014-இல் அங்குள்ள சுவர்கள் முழுக்கக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார். சிதிலமான முற்றத்துச் சுவர் இப்போது வானத்தைத் துண்டு துண்டாகக் காட்டுகிறது.

லைன் வீட்டில் யார் இருப்பது?

இதுவரை சொன்னவை கட்டடங்கள். கடினமான பகுதி இனிமேல்தான்.

ஷைப்ளர் தன் ஆலைக்கு எதிரே கட்டிய க்ஷென்ஷி ம்வின் குடியிருப்பு ஒரு தனி உலகம். கல் பாவிய தெரு, வரிசை வரிசையாகச் செங்கல் லைன் வீடுகள், தெருக்கோடியில் பள்ளிக்கூடம், கடை, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம். ஆலை மூடியபின் அங்கே எஞ்சியவர்கள் முதியவர்கள், ஏழைகள். நகரின் நடுவிலுள்ள பழைய வீடுகளிலும் அதே நிலை. ஜவுளியின் பெயரையே தாங்கிய வ்வூகியென்னிச்சா தெரு, பகலிலும் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் தெருவாகிவிட்டிருந்தது.

2011-இல் நகராட்சி 'நூறு வீடுகள்' என்றும் பொருள் தொனிக்கும் பெயருடைய திட்டத்தோடு பழைய வீடுகளைப் புதுப்பிக்கத் தொடங்கியது. முகப்பு பளபளத்தது. ஆனால் தனித்தனி வீட்டைச் சரிசெய்தால் தெரு திருந்துவதில்லை என்று விரைவிலேயே தெரிந்தது. அதனால் அடுத்த கட்டத்தில் தெருத்தெருவாக, வட்டாரம் வட்டாரமாக வேலை நடந்தது.

போலந்து நாடாளுமன்றம் 2015 அக்டோபரில் இயற்றிய நகர மறுவாழ்வுச் சட்டம் இந்த அனுபவங்களுக்கெல்லாம் பிறகு வந்தது. அச்சட்டம் சொல்வது தெளிவானது: மறுவாழ்வு வெறும் கட்டட வேலை அன்று. வேலையின்மை, வறுமை போன்ற சமூகச் சிக்கல் உள்ள இடத்தில்தான் அது தொடங்க வேண்டும். நகரப் பரப்பில் 20 விழுக்காட்டுக்கும், மக்களில் 30 விழுக்காட்டுக்கும் மிகாத பகுதியை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம். குடியிருப்பவர்கள் இடம்பெறும் குழு அமைக்க வேண்டும். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பூசி மெழுகுவதைத் தடுக்க இந்த வரம்பு.

வூட்சில் பெரிய அளவில் வேலை நடக்க, குடியிருந்த குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே முற்றத்தில் வாழ்ந்தவர்கள், வாடகை பாக்கி உள்ளவர்கள், படியேற முடியாத முதியவர்கள். அவர்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டு இருந்துவிட முடியுமா? நகராட்சி புதிதாக ஒரு பணியை உருவாக்கியது. அந்தப் பணியில் இருப்பவரை 'லாதார்னிக்' என்கிறார்கள். கலங்கரை விளக்கத்தைக் காப்பவர் என்று பொருள். வீடு வீடாகப் போய், எங்கே மாறுவது, கடனை எப்படி அடைப்பது, எந்த மனுவை யாரிடம் கொடுப்பது, வேலைக்கு யாரைப் பார்ப்பது என்று கூடவே இருந்து வழிகாட்டுவது அவர் வேலை. தெருவின் கடைக்காரர்களோடும் வீட்டு உரிமையாளர்களோடும் பேச 'வட்டாரப் பொறுப்பாளர்' என்று இன்னொருவர்.

படகு என்று பெயர் கொண்ட நகரத்தில் விளக்குக் காவலர். வூட்சின் முயற்சிகளில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். கட்டட வல்லுநரும் பொறியாளரும் எல்லாத் திட்டத்திலும் உண்டு. மூட்டை கட்டும் கிழவியின் பக்கத்தில் உட்காருவதற்கென்றே ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்திய திட்டங்கள் அரிது.

எல்லாம் நல்லபடி முடிந்ததென்று சொல்ல மாட்டேன். புதுப்பித்த வீட்டுக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். மாற்று வீட்டிலேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனதால் தெருக்கடைகள் நொடித்தன. வ்வூகியென்னிச்சா தெரு இன்று அழகாக இருக்கிறது. நகரத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த ஹிலாரி மயெவ்ஸ்கியின் வீடும் அங்கே புதுப்பொலிவு பெற்றது. அந்த அழகை அனுபவிப்பவர்களில் பழைய குடித்தனக்காரர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியை நகராட்சி தன்னிடமே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நகர மறுவாழ்வையே கருப்பொருளாக வைத்து 2022 உலகக் கண்காட்சியை நடத்த வூட்ச் போட்டியிட்டது. 2017 நவம்பரில் புவனோஸ் ஐரிசிடம் தோற்றது. விழா வராவிட்டாலும் தெரு வேலை நிற்கவில்லை.

---

மூன்று ஊர்கள், மூன்று பாடங்கள்

கோர்லிட்ஸ், ஜெர்மனி: பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் மட்டும் ஏறத்தாழ 4,000 உள்ள எல்லையோர ஊர். பெயர் சொல்லாத ஒரு கொடையாளி 1995 முதல் 2016 வரை ஆண்டுதோறும் பத்து லட்சம் ஜெர்மன் மார்க், பின்னர் அதற்கு இணையான யூரோ, பழைய நகரைச் சீரமைக்க அனுப்பினார். ஊர் ஓவியம்போல் ஆனது. ஆனால் இளைஞர்கள் போய்விட்டிருந்தார்கள். சில நாள் இலவசமாக வாழ்ந்து பாருங்கள் என்று 2008 முதல் வெளியூர்க்காரர்களை அழைக்க வேண்டியிருந்தது. வீட்டை மட்டும் செப்பனிட்டால் மக்கள் தானாக வந்துவிடுவதில்லை.

சிபியூ, ருமேனியா: கூரைகளில் கண்களைப் போன்ற சாளரங்கள் கொண்ட நகரம். நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஜெர்மானியர்களில் பெரும்பாலோர் 1989-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடிபெயர்ந்தனர். 2007-இல் லக்சம்பர்க்குடன் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரானது. அப்போதைய மேயர் கிளாவுஸ் யோஹானிஸ் பின்னர் நாட்டின் அதிபரானார். ஓராண்டு விழாவை நீண்ட காலப் பயனாக மாற்ற, விழாவுக்கு முன்பே திட்டம் வேண்டும் என்பதற்குச் சான்று இது.

பிளோவ்திவ், பல்கேரியா: 'பொறி' என்று பொருள்படும் கபானா என்ற பழைய கைவினைஞர் பகுதி, கலைஞர்களின் வட்டாரமாக மறுபிறவி எடுத்தது. 2019-இல் பண்பாட்டுத் தலைநகர். அதே ஊரில் பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றை 2016 மார்ச்சில் இடிக்கத் தொடங்கியபோது மக்கள் குறுக்கே நின்று தடுத்தார்கள். ஆகஸ்டில் வேறு கிடங்குகள் தீக்கிரையாயின. பட்டமும் விழாவும் வரும்வரை கட்டடத்தைக் காப்பது ஊர்க்காரர்களின் விழிப்புதான்.

---

நினைவில் எவற்றுக்கு இடம்?

மரபு என்று எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் ஒரு நகரத்தின் நேர்மை வெளிப்படும். ஆலை முதலாளியின் அரண்மனையைக் காட்டுவது எளிது. வூட்ச் அதோடு நிற்கவில்லை. ராடகாஸ்ட் ரயில் நிலையத்தை நினைவிடமாக்கியது. 2004-இல் 'பிழைத்தவர்களின் பூங்கா'வைத் தொடங்கியது. சேரியிலிருந்து உயிர்தப்பியவர்கள் வந்து ஆளுக்கொரு மரம் நட்டார்கள். சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு அது வெறும் தோப்பு. தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு மரமும் ஓர் ஆள்.

தொழிலாளப் பெண்களின் நினைவு மட்டும் வெகுகாலம் ஒதுங்கியே கிடந்தது. வூட்சின் பெருஞ்சாலை ஒன்றுக்கு நெசவாலைத் தொழிலாளர்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். 'அலேயா வ்வூக்னியாஷி'. அந்தச் சொல் ஆண்பால். ஆலைகளில் பெரும்பான்மையாக உழைத்தவர்களோ பெண்கள். அவர்களின் வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து மீட்டு மார்த்தா மதேய்ஸ்கா 2018-இல் ஒரு நூல் எழுதினார். அதற்கு அந்தச் சாலையின் பெயரையே வைத்தார், ஈற்றை மட்டும் பெண்பாலாக மாற்றி: 'அலேயா வ்வூக்னியாரெக்'.

சாலைப் பலகை இன்னும் மாறவில்லை. மானுஃபக்துராவின் செங்கற் சுவரை அந்தப் பெண்களுக்காகவும் யாராவது படிக்க வேண்டும். ஹோட்டலின் உச்சியில் நீந்துகிறவருக்குக் கீழே எந்தெந்த மாடியில் நூல் ஓடியது என்று தெரிய வேண்டும். புதுப்பித்த லைன் வீட்டுச் சாவி, அங்கே முன்பு குடியிருந்த கிழவியின் கைக்கும் போய்ச் சேர வேண்டும். இவை நடக்கிற தெருவில் மறுவாழ்வு தொடங்கிவிட்டது என்று நம்பலாம்; மற்ற தெருக்களில் முடிந்திருப்பது சுண்ணாம்பு பூசும் வேலை மட்டுமே.